சென்னையில் போகிப் புகைமூட்டம்

சென்னையில் போகிப் புகைமூட்டம் என்பது ஆண்டுதோறும் மார்கழித் திங்களின் கடைசி நாளான போகியன்று விடியற்காலையில் சென்னை மாநகரிலும் அதன் புறநகர்ப் பகுதிகளிலும் தோன்றும் அடர்த்தியான புகையும் மூடுபனியும் கலந்த படலத்தைக் குறிக்கும். போகி சனவரி 13 அல்லது 14 ஆம் நாளில் வரும். அன்று வீட்டின் முன்னும் தெருமுனைகளிலும் பழைய பொருட்கள் எரிக்கப்படுவதால் எழும் புகை, குளிர்ந்த, காற்றோட்டம் குறைந்த காலைப் பொழுதில் மேலெழ இயலாமல் நிலத்தை ஒட்டித் தங்கிவிடுகிறது. இதனால் பார்வைத் தொலைவு குறைந்து, வானூர்திப் போக்குவரத்தும் சாலைப் போக்குவரத்தும் பாதிக்கப்படுகின்றன. மூச்சு நோய் உள்ளோர், குழந்தைகள், முதியோர் ஆகியோர் இதனால் பெரிதும் இடர்ப்படுகின்றனர். கடற்கரை நகரம் என்பதால் ஆண்டின் பெரும்பகுதி கடற்காற்றினால் ஓரளவு தூய்மை பெறும் சென்னையில், பருவம் சார்ந்த காற்று மாசடைதலுக்கு இது முதன்மையான எடுத்துக்காட்டாகும். தீபாவளி நாளில் பட்டாசுகளால் உண்டாகும் புகை இதற்கு அடுத்ததாகக் குறிப்பிடத்தக்கது.

சொற்பொருள்

புகையும் மூடுபனியும் கலந்த நிலையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் "சுமாக்" என்ற சொல், புகை, மூடுபனி ஆகியவற்றைக் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களின் இணைப்பால் உருவானது. இச்சொல்லை 1905 இல் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் என்றி அன்டுவான் டெ வோ பரவலாக்கினார். தமிழில் இது புகைமூட்டம், புகைப்பனி, பனிப்புகை எனப் பலவாறு வழங்கப்படுகிறது. செய்தித்தாள்களில் "புகைமூட்டம்" என்ற சொல்லே மிகுதியாகக் காணப்படுகிறது.

புகைப்பனி இரு வகைப்படும். நிலக்கரி, விறகு, கழிவு போன்றவற்றை எரிப்பதால் வரும் புகை ஈரமான குளிர்காற்றில் தேங்குவது ஒரு வகை. 1952 திசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனை மூடிய புகைப்பனி இவ்வகையைச் சார்ந்தது. வண்டிப்புகையிலுள்ள வேதிப்பொருட்கள் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோன் முதலியவற்றை உண்டாக்குவது மற்றொரு வகை. அமெரிக்காவின் இலாசு ஏஞ்சலசு நகரம் இதற்குப் பெயர்பெற்றது. சென்னையின் போகிப் புகைமூட்டம் முதல் வகையைச் சார்ந்தது.

பின்னணி

போகி என்பது இந்திரனைக் குறிக்கும் பெயர்களுள் ஒன்று. மழைக்குரிய தெய்வமாகக் கருதப்பட்ட இந்திரனுக்கு நன்றி கூறும் நாளாகப் போகி கொண்டாடப்பட்டதாக மரபு கூறும். பொங்கலுக்கு முந்தைய நாளான அன்று வீட்டைத் தூய்மை செய்து, வெள்ளையடித்து, பயன்படாத பழம்பொருட்களைக் கழிப்பது வழக்கம். கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம், கந்தல் துணி, காய்ந்த ஓலை முதலியவை விடியலுக்கு முன் வாசலில் இட்டுக் கொளுத்தப்பட்டன. சென்னையில் சிறுவர்கள் சிறு போகி மேளங்களை அடித்துக்கொண்டு தெருவில் தீயைச் சுற்றி நிற்பது இந்நாளின் அடையாளமாகும். ஆந்திரப் பிரதேசத்திலும் தெலங்காணாவிலும் போகித் தீ மூட்டும் வழக்கம் உண்டு.

மேற்கூறிய பொருட்கள் அனைத்தும் கோரை, ஓலை, பருத்தி, நார் போன்ற இயற்கைப் பொருட்களால் ஆனவை. அவையும் எரியும்போது நுண்துகள்களை வெளியிடும் எனினும், அளவு குறைவாகவும் வீடுகள் இடைவெளியுடனும் இருந்த காலத்தில் அப்புகை விரைவில் கலைந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு மாற்றங்கள் நேர்ந்தன. முதலாவது, வீட்டுப் பொருட்களில் நெகிழி, செயற்கை இழை, இரப்பர், நுரை மெத்தை ஆகியவை இடம்பெற்றன. கழிக்கப்படும் பொருட்களும் அவையாகவே ஆயின. வண்டிச் சக்கரங்களின் பழைய டயர்கள் நீண்ட நேரம் எரியும் என்பதால் அவற்றைத் தேடிக் கொண்டுவந்து எரிக்கும் பழக்கமும் பரவியது. இரண்டாவது, நகரின் மக்கள் அடர்த்தி பன்மடங்கு கூடியது. ஒரு தெருவில் சில தீக்களாக இருந்தவை, ஒரே நேரத்தில் நகரெங்கும் மூட்டப்படும் பல்லாயிரம் தீக்களாயின.

புகை தேங்குவதற்கான காரணங்கள்

போகியன்று எரிக்கப்படும் பொருளின் அளவு மட்டும் புகைமூட்டத்துக்குக் காரணமன்று. அதே அளவுப் புகை மே மாதத்து நண்பகலில் எழுந்தால் சிறிது நேரத்தில் கலைந்துவிடும். சனவரி மாதத்து வானிலை அதனைத் தேக்கி வைக்கிறது. இதற்கான காரணங்கள் பின்வருமாறு:

1. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. சென்னையில் சனவரி மாதத்துச் சராசரிக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 21 பாகை செல்சியசு ஆகும்.

2. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருக்கும் நிலை உண்டாகிறது. இது வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் எனப்படும். வழக்கமாகச் சூடான புகை மேலெழுந்து கலையும். இந்நிலையில் வெப்பமான மேலடுக்கு ஒரு மூடிபோலச் செயல்பட்டுப் புகையைக் கீழேயே நிறுத்துகிறது.

3. பின்னிரவிலும் விடியலிலும் காற்றின் வேகம் மிகக் குறைவாக இருக்கும். கடற்காற்று வெயில் ஏறிய பின்னரே வலுப்பெறும்.

4. பருவமழையால் நனைந்த நிலமும், ஏரி, ஆறு, சதுப்புநிலங்களும் காற்றின் ஈரப்பதத்தை உயர்த்துகின்றன. புகைத்துகள்கள் நீராவி படிவதற்கான கருக்களாகி, ஈரம் ஏற்றுப் பருக்கின்றன. பருத்த துகள்கள் ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. ஆகவே மூடுபனி மட்டுமோ புகை மட்டுமோ இருப்பதைவிட, இரண்டும் சேரும்போது பார்வைத் தொலைவு கடுமையாகக் குறைகிறது.

தீ மூட்டும் வழக்கமான நேரம் விடியலுக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரமாகும். சனவரியில் சென்னையில் கதிரவன் ஏறத்தாழ காலை 6.30 மணியளவில் உதிக்கிறது. எனவே ஓர் நாளில் காற்று மிகக் குறைவாகக் கலக்கும் நேரமும், ஆண்டிலேயே மிகுதியான திறந்தவெளி எரிப்பு நிகழும் நேரமும் ஒன்றாக அமைகின்றன. வெயில் ஏறி நிலம் சூடான பின்னர் தலைகீழ் அடுக்கு உடைந்து, புகை படிப்படியாகக் கலைகிறது.

மாசுப் பொருட்கள்

புகைமூட்டத்தின் முதன்மைக் கூறு நுண்துகள்கள் ஆகும். இவை விட்டத்தைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன. 10 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமானவை பி.எம். 10 எனவும், 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமானவை பி.எம். 2.5 எனவும் குறிக்கப்படுகின்றன. பின்னவை நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை செல்லக்கூடியவை.

இவற்றுடன் கார்பன் மோனாக்சைடு, கந்தக டைஆக்சைடு, நைதரசன் ஆக்சைடுகள் ஆகியவையும் வெளிப்படுகின்றன. டயர்களில் இரப்பரை வலுப்படுத்தக் கந்தகம் சேர்க்கப்படுவதால் அவை எரியும்போது கந்தக டைஆக்சைடு உண்டாகிறது. பென்சீன், பல்வளைய அரோமாட்டிக் ஐதரோகார்பன்கள் ஆகியவையும் டயர்ப் புகையில் உள்ளன. குளோரின் அடங்கிய பி.வி.சி. வகை நெகிழி குறைந்த வெப்பத்தில் எரியும்போது ஐதரசன் குளோரைடும் டையாக்சின்களும் தோன்றக்கூடும். இவற்றுள் பென்சீனும் சில டையாக்சின்களும் புற்றுநோய் உண்டாக்குவனவாக வகைப்படுத்தப்பட்டுள்ளன.

வரையறைகளும் அளவீடும்

இந்தியாவில் 2009 இல் அறிவிக்கப்பட்ட தேசியச் சுற்றுப்புறக் காற்றுத் தர வரையறைகளின்படி, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 10 அளவு 100 மைக்ரோகிராமையும், பி.எம். 2.5 அளவு 60 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. உலக சுகாதார அமைப்பு 2021 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அளவுகள் இவற்றைவிடக் கடுமையானவை. அவற்றின்படி 24 மணி நேர அளவு பி.எம். 10 க்கு 45 மைக்ரோகிராம், பி.எம். 2.5 க்கு 15 மைக்ரோகிராம் ஆகும்.

பொதுமக்கள் எளிதில் அறியும் வகையில் காற்றுத் தரக் குறியீடு 2015 இல் நடைமுறைக்கு வந்தது. இதன் பிரிவுகள்:

* 0 – 50: நன்று
* 51 – 100: நிறைவானது
* 101 – 200: மிதமானது
* 201 – 300: மோசம்
* 301 – 400: மிக மோசம்
* 401 – 500: கடுமை

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போகிக்கு முன்னும் போகியன்றும் மாநகராட்சியின் மண்டலங்களில் காற்றின் தரத்தை அளந்து முடிவுகளை வெளியிடுகிறது. தீபாவளியின்போது பெசன்ட் நகர், தியாகராய நகர், நுங்கம்பாக்கம், திருவல்லிக்கேணி, சௌகார்பேட்டை முதலிய இடங்களில் காற்று மாசும் ஒலி அளவும் அளக்கப்படுகின்றன. ஆலந்தூர், வேளச்சேரி, மணலி போன்ற இடங்களில் தொடர் அளவீட்டு நிலையங்களும் உள்ளன.

24 மணி நேரச் சராசரி போகிப் புகையின் உண்மையான கடுமையைக் குறைத்துக் காட்டக்கூடும். எடுத்துக்காட்டாக, ஓர் இடத்தில் 20 மணி நேரம் பி.எம். 2.5 அளவு 40 மைக்ரோகிராமாகவும், விடியலில் 4 மணி நேரம் மட்டும் 400 மைக்ரோகிராமாகவும் இருப்பதாகக் கொண்டால், அந்நாளின் சராசரி 100 மைக்ரோகிராம் மட்டுமே. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் வெளியில் பணிபுரிந்த ஒருவர் சுவாசித்தது சராசரியைப் போல நான்கு மடங்காகும். பால், செய்தித்தாள் விநியோகிப்போர், தூய்மைப் பணியாளர், காவலர், நடைப்பயிற்சி செய்வோர் ஆகியோர் இவ்வகையினர். ஆகவே போகி நாளின் நிலையை அறிய மணிவாரி அளவுகளைக் காண்பது பொருத்தமானது.

கோட்டூர்புரமும் தென்சென்னையும்

கோட்டூர்புரம் அடையாற்றின் தென்கரையில் அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி. இதன் அண்மையில் கிண்டி தேசியப் பூங்கா, இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவை மரங்கள் அடர்ந்த பெரும் வளாகங்களாக உள்ளன. பெரிய தொழிற்சாலைகள் இப்பகுதியில் இல்லை. இதனால் ஆண்டின் பெரும்பாலான நாட்களில், மணலி, எண்ணூர் போன்ற வடசென்னைப் பகுதிகளோடு ஒப்பிடும்போது இங்கு தொழிற்சாலை மாசு குறைவு. எனினும் போகிப் புகைமூட்டத்திலிருந்து இப்பகுதி விலக்குப் பெறவில்லை. இதற்குச் சில காரணங்கள் கூறலாம்.

முதலாவதாக, போகிப் புகையின் மூலம் தொழிற்சாலையன்று, குடியிருப்புத் தெருக்களே. தனி வீடுகள், அடுக்ககங்கள், அரசு வாரியக் குடியிருப்புகள் என நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் தீக்களின் எண்ணிக்கையும் மிகுகிறது. இரண்டாவதாக, ஆற்றங்கரைத் தாழ்நிலங்களில் குளிர்ந்த ஈரக்காற்று தங்குவது இயல்பு. மூன்றாவதாக, விடியற்காலையில் காற்று மெலிந்திருப்பதால் மயிலாப்பூர், சைதாப்பேட்டை, அடையாறு போன்ற அண்டைப் பகுதிகளின் புகையும் ஆங்காங்கே தேங்கி, ஒரே படலமாக இணைகிறது. மரங்கள் துகள்களில் ஒரு பகுதியை இலைகளில் படியச் செய்யும். ஆனால் சில மணி நேரத்தில் குவியும் பெரும் புகையை அவை நீக்கிவிடுவதில்லை.

மரங்கள் மிகுந்த பகுதிகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. பனிக்காலத்தில் உதிரும் சருகுகளைக் கூட்டிக் குவித்துத் தெருவோரத்திலேயே கொளுத்துவது பழக்கமாக உள்ளது. இதன் அளவு சிறிது எனினும், பல நாட்கள் தொடர்வதாலும், வீட்டுச் சன்னல்களுக்கு மிக அருகில் நிகழ்வதாலும் அங்குள்ளோருக்குத் தொல்லை தருகிறது. சருகில் நெகிழிப் பைகளும் கலந்திருப்பது வழக்கம். சருகை மக்கவைத்து உரமாக்குவது இதற்கான மாற்று வழியாகும்.

தென்சென்னையில் 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி குப்பைக் கிடங்கில் மூண்ட தீ பல நாட்கள் புகைந்தது. அண்டைக் குடியிருப்புகள் புகையால் சூழப்பட்டன. கழிவை எரித்தலும், அது தானே எரிதலும் குடியிருப்புப் பகுதிகளின் காற்றை எவ்வளவு விரைவில் கெடுக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

போக்குவரத்தில் தாக்கம்

சென்னைப் பன்னாட்டு வானூர்தி நிலையம் மீனம்பாக்கத்தில், அடையாற்றை ஒட்டி அமைந்துள்ளது. அதன் இரண்டாம் ஓடுதளத்தின் ஒரு பகுதி ஆற்றின் மேல் கட்டப்பட்ட பாலத்தின் மீது செல்கிறது. சுற்றிலும் அடர்ந்த குடியிருப்புகள் உள்ளன. முதல் வகைக் கருவி இறங்கு முறைமையில் வானூர்தி இறங்குவதற்குப் பொதுவாக 550 மீட்டர் அளவிலாவது ஓடுதளக் காட்சித் தொலைவு தேவை. போகிக் காலையில் இது அதற்கும் கீழே செல்லும்போது வானூர்திகள் இறங்க இயலாது.

2018 சனவரி 13 அன்று ஏற்பட்ட புகைமூட்டத்தால் பல வானூர்திகள் பெங்களூரு, ஐதராபாத்து ஆகிய நகரங்களுக்குத் திருப்பி விடப்பட்டன. பல புறப்பாடுகள் தாமதமாயின. இந்நிகழ்வுக்குப் பின் போகிப் புகை பற்றிய விழிப்புணர்வுப் பரப்புரை வானூர்தி நிலையத்தை அண்டிய பகுதிகளிலும் மேற்கொள்ளப்பட்டது. 2024 சனவரி 14 அன்றும் புகைமூட்டத்தால் வானூர்தி சேவை பெரிதும் பாதிக்கப்பட்டது. சாலைகளில் முகப்பு விளக்கை எரியவிட்டு மெதுவாகச் செல்லும் நிலை ஏற்படுகிறது.

உடல்நல விளைவுகள்

குறுகிய நேரம் மிகுந்த புகையைச் சுவாசிப்பதால் கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, இருமல், தலைவலி, மூச்சுத் திணறல் ஆகியவை உண்டாகலாம். ஆஸ்துமா நோயாளிகளுக்கு நோய் திடீரென முற்றக்கூடும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளோரும், இதய நோய் உள்ளோரும் மிகுந்த இடருக்கு ஆளாகின்றனர். குழந்தைகள் தம் உடல் எடையோடு ஒப்பிடும்போது பெரியவர்களைவிட மிகுதியான காற்றைச் சுவாசிப்பதாலும், அவர்களது நுரையீரல் வளர்நிலையில் இருப்பதாலும் அவர்களுக்குத் தாக்கம் கூடுதலாகும். போகியன்று தீக்கு மிக அருகில் நெடுநேரம் நிற்பவர்களும் சிறுவர்களே என்பது கவனிக்கத்தக்கது.

தீ மூட்டுபவரும் அதன் புகையால் துன்புறுபவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். தன் வீட்டில் எதையும் எரிக்காத ஒருவரும் அண்டை வீட்டுப் புகையைத் தவிர்க்க இயலாது. ஒற்றை அறை வீடுகளிலும், சன்னல் மூட இயலாத குடிசைகளிலும், நடைபாதைகளிலும் வாழ்வோருக்கு ஒதுங்க இடமில்லை. மறுநாள் காலை தெருவில் எஞ்சும் சாம்பலையும் டயர்களின் இரும்புக் கம்பிகளையும் அகற்றுவது தூய்மைப் பணியாளர்களின் வேலையாகிறது. சாம்பலைக் கூட்டும்போது அது மீண்டும் காற்றில் கலக்கிறது.

தற்காப்பு முறைகள்

* முந்தைய இரவே சன்னல்களையும் கதவுகளையும் மூடிவைத்து, புகை கலைந்த பின்னர், பொதுவாக முற்பகலில், திறப்பது நன்று.
* அன்று காலை நடைப்பயிற்சியையும் திறந்தவெளி உடற்பயிற்சியையும் தவிர்க்கலாம்.
* துணி முகமூடிகள் நுண்துகள்களை முறையாகத் தடுப்பதில்லை. முகத்தோடு நன்கு பொருந்திய என்-95 வகை முகமூடிகள் குறைந்தது 95 விழுக்காடு நுண்துகள்களை வடிகட்டுமாறு வடிவமைக்கப்பட்டவை.
* வீட்டிற்குள் கொசுவர்த்தி, ஊதுவத்தி, சாம்பிராணி ஆகியவற்றை அந்நேரத்தில் ஏற்றாதிருப்பது உள்ளறைப் புகையைக் குறைக்கும்.
* படிந்த கரியைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல்.
* ஆஸ்துமா நோயாளிகள் மருத்துவர் பரிந்துரைத்த உறிஞ்சு மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருத்தல் வேண்டும். மூச்சுத் திணறல் நீடித்தால் உடனே மருத்துவ உதவி பெற வேண்டும்.

சட்டமும் நிர்வாக நடவடிக்கைகளும்

காற்று மாசைத் தடுப்பதற்கான நடுவண் சட்டம் 1981 இல் இயற்றப்பட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 இல் அமைக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவை உண்டாக்குவோர் அதனைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்தன. அதே ஆண்டு திசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் கழிவை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போருக்கு 25,000 ரூபாயும் இழப்பீட்டுத் தொகை விதிக்க ஆணையிட்டது.

பட்டாசு குறித்து உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அளித்த தீர்ப்பில், தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மட்டும் வெடிக்க இசைவளித்தது. தமிழ்நாட்டில் விடியற்காலையில் தீபாவளி கொண்டாடும் மரபைக் கருத்தில் கொண்டு, மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தை மாநிலமே வகுத்துக்கொள்ளலாம் எனப் பின்னர் தெளிவுபடுத்தியது. அதன்படி காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என நேரம் வகுக்கப்பட்டது. போகிக்கு இத்தகைய நேர வரையறை இல்லை. எரிக்கப்படும் பொருளே தடைக்கு உட்பட்டுள்ளது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் போகிக்கு முன் விழிப்புணர்வு அறிவிப்புகளை வெளியிடுகிறது. சென்னை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் பழைய துணி, டயர், நெகிழிப் பொருட்களை எரிக்காமல் தூய்மைப் பணியாளர்களிடம் ஒப்படைக்குமாறு கேட்டு, அவற்றைத் தனியாகச் சேகரித்து வருகிறது. 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்கள் பலவற்றுக்கு விதிக்கப்பட்ட தடையும் இதனுடன் தொடர்புடையதாகும். நாட்டளவில் தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 சனவரியில் தொடங்கப்பட்டது.

கருத்து வேறுபாடுகள்

போகித் தீயைக் கட்டுப்படுத்துவது குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ஆண்டில் ஒரு நாள், சில மணி நேரம் மட்டும் நிகழும் ஒரு வழக்கத்தைக் குறைகூறிவிட்டு, ஆண்டு முழுவதும் மாசுபடுத்தும் வண்டிகளையும் ஆலைகளையும் விட்டுவிடுவது முறையன்று என்பது ஒரு சாரார் கருத்து. மணலி 2009 இல் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தால் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டதை இவர்கள் சுட்டுவர். சென்னையின் ஆண்டுச் சராசரி மாசுக்கு வண்டிகள், கட்டுமானத் தூசு, தொழிற்சாலைகள், அனல் மின் நிலையங்கள் ஆகியவை பெரும் பங்களிக்கின்றன என்பது உண்மையே.

ஆண்டுச் சராசரியில் சிறு பங்கே ஆயினும், அந்தச் சில மணி நேரத்தில் நகரின் மூச்சு நோயாளிகள் அனைவரும் ஒரே நேரத்தில் இடருக்கு ஆளாகின்றனர் என்பது மறுசாரார் கருத்து. மரபில் எரிக்கப்பட்டவை பாயும் துடைப்பமுமே. டயரும் நெகிழியும் மரபின் பகுதி அல்ல என்றும் இவர்கள் கூறுவர். அடையாளமாகச் சிறிதளவு ஓலையை மட்டும் எரித்து, எஞ்சியவற்றை மறுபயன்பாட்டிற்கும் மறுசுழற்சிக்கும் அளிப்பது இரு சாராரும் ஏற்கத்தக்க நடுவழியாக முன்வைக்கப்படுகிறது. பழையதைக் கழித்தல் என்பதற்கு எரித்தல் மட்டுமே பொருளன்று. இன்னும் பயன்படும் ஆடைகளைத் தேவைப்படுவோருக்கு வழங்குவதும், தாள், இரும்பு முதலியவற்றைப் பழைய பொருள் வணிகரிடம் சேர்ப்பதும் அதனுள் அடங்கும்.

பிற நகரங்களுடன் ஒப்பீடு

தில்லியில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அண்டை மாநிலங்களின் பயிர்த்தாள் எரிப்பு, வண்டிப்புகை, பட்டாசு, குளிர்காலத் தலைகீழ் வெப்பநிலை ஆகியவை சேர்ந்து பல வாரங்கள் நீடிக்கும் புகைப்பனியை உண்டாக்குகின்றன. கடலிலிருந்து தொலைவில் இருப்பதால் அங்கு கடற்காற்றின் துணை இல்லை. சென்னையில் அதே வகையான நிகழ்வு சில மணி நேரத்தில் முடிவுறுவதற்குக் கடலின் அண்மையே முதன்மைக் காரணம். எனினும் கடற்காற்று மாசை அழிப்பதில்லை. அதனை நகர்த்திக் கலைக்க மட்டுமே செய்கிறது. காற்று எழாத விடியற்காலையில் சென்னையும் உள்நாட்டு நகரங்களின் நிலையையே அடைகிறது என்பதைப் போகிப் புகைமூட்டம் உணர்த்துகிறது.

இவற்றையும் பார்க்க

* போகிப் பண்டிகை
* காற்று மாசடைதல்
* அடையாறு
* கோட்டூர்புரம்
* தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்